குண்டுக்கு நின்ற பாரா

போலீஸ் வேலை என்றால் திருடனைத் துரத்துவது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் அது நிற்கிற வேலை என்று தெரிந்தது. மந்திரி வந்தாலும் நிற்க வேண்டும், தேர் நகர்ந்தாலும் நிற்க வேண்டும். மேலதிகாரி காட்டிய இடத்தில் காரணம் தெரியாமல் நின்று கால் வீங்கிய அன்பர்கள் எல்லா இலாகாவிலும் இருப்பீர்கள். நான் ஒரு குண்டுக்கு நின்றேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பந்தலுக்குப் பாரம்

எங்கேயோ யுத்தம் நடந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய இரும்புக்குள் வெடிக்காத குண்டுகள் கிடப்பதாகப் பேப்பரில் படம் வந்திருந்தது. அதைப் பார்த்த மோட்டார் மெக்கானிக் ஒருவர், ஓடைப்பட்டியில் முத்தையா என்பவரின் திராட்சைத் தோட்டத்தில் அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று கிடக்கிறது என்று ஸ்டேஷனில் வந்து சொன்னார்.

போய்ப் பார்த்தோம். பந்தலின் மூலைக் கல்தூணை இழுத்துக் கட்டிய கம்பிக்குப் பாரமாக, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. கம்பம் டவுனில் பழைய இரும்புக் கடையில் வாங்கினாராம். மேலே பழம் கறுத்துக் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. குண்டு என்றதும் முத்தையாவுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"ரெண்டு வருசமா ஆடாம அசையாம கெடக்குய்யா. இங்கன அதைவிட ஒழுக்கமா ஆரு இருக்கா?"

தூரத்து வீரம்

இன்ஸ்பெக்டர் ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தி, அங்கிருந்தபடியே கத்தி உத்தரவு போட்டார். நிபுணர்கள் வந்து எடுக்கும்வரை ஈ காக்கை தோட்டத்துக்குள் போகக்கூடாது, பழம் பறிக்கக்கூடாது. மணல் மூட்டை அடுக்கியது நான். பக்கத்தில் பாரா நின்றதும் நான். எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று கேட்டேன்.

"கண்ணுல படுற தூரத்துல நில்லுய்யா. வெடிச்சா உடனே எனக்கு போன் பண்ணு, இப்பத்தான் இன்கமிங் ஃப்ரீ ஆக்கிட்டானே."

பார்வையிட வந்தவர்கள்

நிபுணர்கள் வரவில்லை. நிபுணர் அல்லாத அதிகாரிகள் அத்தனை பேரும் வந்தார்கள். ரோட்டில் நின்று குண்டை எட்டிப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், அப்புறம் பழத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் ஜீப் திரும்புவதற்குள் ஒரு கூடை நிறைந்தாக வேண்டும். ஆபத்தான தோட்டத்துக்குள் யார் போய்ப் பறிப்பது? நானும் முத்தையாவின் மனைவி செல்லத்தாயும்தான். இதைவிடக் கேவலமான டியூட்டி என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. குண்டுக்குப் பக்கத்துக் கொடியில் பறித்த கூடையை வாங்கிய ஒரு பெரிய அதிகாரி, மோந்து பார்த்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்.

"மருந்து அடிச்ச பழமா? பிள்ளைங்க சாப்பிடுறது, ஜாக்கிரதையா இருக்கணும்ல."

செல்லத்தாய் கேட்டது

மலைப்பக்கம் மேகம் கூடியது. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் தோல் பிளந்து அழுகிவிடும். அந்தக் குடும்பத்தின் பிழைப்பே அந்தப் பந்தலில்தான் தொங்கியது. குண்டை எடுத்தால் பந்தலும் சரியும், அதனால் பறிப்பை முதலில் முடிக்கவிடுங்கள் என்று முத்தையா ஸ்டேஷனில் கெஞ்சினார். உயிர்தான் முக்கியம் என்று உபதேசம் பண்ணி அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர். மறுநாள் காலை, பறிப்புப் பெண்களை அழைத்துக்கொண்டு செல்லத்தாய் கத்தரியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டய்யா, ஆபீசருமாரு வீட்டுக்குப் பறிக்கையில வெடிக்காத குண்டு, எங்க வயித்துக்குப் பறிக்கையில மட்டும் வெடிச்சிருமோ?"

பெருமை சேர்ந்த இடம்

அவர்களை உள்ளே விட்டேன். குண்டு கிடந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லி, அதற்கு முன்னால் நானே மறித்து நின்றேன். பயமாகத்தான் இருந்தது. மழைக்கு முன்னால் பழத்தை ஏற்றிக்கொண்டு வியாபாரியின் லாரி புறப்பட்டுவிட்டது.

அப்புறம்தான் நிபுணர்கள் வந்தார்கள். வறண்ட கண்மாய்க்குள் குழி தோண்டி வெடிக்க வைத்தபோது காலடி மண் அதிர்ந்தது. பாரத்துக்குப் புதைத்த அன்று அதைக் கடப்பாரையால் இடித்து மண்ணில் இறக்கியதைச் சொல்லிச் சொல்லி முத்தையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அந்தக் கூடைகளை நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் மட்டும் முதல் தடவையாக ஜீப்பைவிட்டு இறங்கி, குழியருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பத்திரிகைக்காரரிடம் சொன்னார்.

"ஒரு ஆளைக்கூட உள்ள விடாமக் காப்பாத்திருக்கோம் சார்."

குண்டு சும்மா கிடக்கிறவரை அது கான்ஸ்டபிளுடையது, பத்திரமாக வெடித்த மறுநிமிஷம் இன்ஸ்பெக்டருடையது.