ஆயிரம் மீட்டருக்குக் கீழே

எங்கள் பனிச்சறுக்கு மலையில் எல்லாருக்கும் இடம் உண்டு. நடக்கப் பழகிய கையோடு வரும் பிள்ளைக்குத் தொட்டில்மேடு, கொஞ்சம் தைரியம் வந்தவனுக்கு நீலத் தடம், தன்னைப் பற்றிப் பெரிதாக நினைப்பவனுக்குச் சிவப்பு, ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் ஆசை உள்ளவனுக்குக் கறுப்பு. தொட்டில்மேட்டின் அடியில், ஆட்களை மேலே இழுத்துப் போகும் லிஃப்டில், ஓடும் வடத்தில் தொங்கி வரும் கம்பியைப் பிடித்துக் கொடுப்பவள் ஸென்ஸி. எதிரே சூப்புக் கடை வைத்திருப்பவள் நான், ஆஃப்ரா. குளிர்காலம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சூப்புக்கு மாவுருண்டை பிடிக்கிறேன். அவளைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

ஆடிக்கொண்டு வரும் கம்பியை ஸென்ஸி இடது கையால் பிடித்து, அதன் வேகத்தை அடக்கி, வந்தவரின் இடுப்புக்குக் கீழே மெதுவாக வைப்பாள். குலுக்கல் தெரியாது. கூடவே ஒரு அதட்டல் உண்டு. ஒருமுறை பிஷப் வந்திருந்தார். "முட்டிய மடக்கு, கம்பம் மாதிரி நிக்காத" என்றாள். அவரும் மடக்கினார். மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே யாரும் யாரையும் 'நீங்க' என்று கூப்பிடுவதில்லை. பிஷப்பானாலும் மேயரானாலும் மேலே 'நீ'தான், பெயர்தான். கீழே இறங்கியதும் பட்டமும் மரியாதையும் பழையபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊரோ அந்தக் கோட்டுக்குக் கீழே, பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே ஸென்ஸி 'கோஃப்ளர் அம்மா'. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கோடையில் நாலு மாடு, குளிரில் லிஃப்ட். இதுதான் அவள் வாழ்க்கை, இதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், மகிஸ்டர் ஐயா சறுக்க வரும் வரைக்கும்.

அவர் எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர். வியன்னாவிலிருந்து வந்தவர். மருந்து படித்தவர்களை இங்கே மகிஸ்டர் என்பார்கள். புதன்கிழமை மதியம் கடை மூடியிருக்கும். அப்படி ஒரு புதன்கிழமை, மற்றவர்கள் சறுக்குப் பலகையைப் பரணில் போடுகிற வயதில், மடிப்புக் கலையாத உடுப்போடு வந்து நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். கம்பியிலிருந்து விழுந்தார். எழுந்து வந்தார். மறுபடி விழுந்தார்.

"உன் பேரு என்ன?" என்றாள் ஸென்ஸி. தெரியாமல் கேட்கவில்லை.

"ஒத்மார்."

"இங்க பாரு ஒத்மார், இன்னொரு தரம் விழுந்தே, உன்னைக் கம்பியோட சேத்துக் கட்டி அனுப்பிடுவேன்."

அவர் திகைத்தார். பிறகு சிரித்தார். கடையில் அவர் பல் தெரிந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த குளிர்காலத்தில், ஊருக்கு இறங்கும் நீலத் தடத்துக்கு முன்னேறிவிட்டார். லிஃப்டை நிறுத்தியபின், தடத்தில் யாரும் தங்கிவிடவில்லையே என்று பார்த்துக்கொண்டு கடைசி ஆளாக இறங்குவது ஸென்ஸியின் வேலை. புதன்கிழமைகளில் அவர் அவளுக்காகக் காத்திருப்பார். முன்னால் அவர்கள் இருவர், பின்னால் சூப்புப் பாத்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு நான்.

அந்தச் சாயங்காலங்களை எப்படிச் சொல்ல! மூடுபனி மரங்களுக்கு இடையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். தடம் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. கிளையிலிருந்து பனி உதிர்ந்தால் அது கீழே விழுகிறதா மேலே போகிறதா என்று சந்தேகமாக இருக்கும். அவர்கள் உருவம் மறைந்து பேச்சு மட்டும் என்னிடம் வரும். அவள் மாட்டைப் பற்றிச் சொல்வாள். அவர் சின்ன வயதில் டிராம் மணிச் சத்தத்தில் தூங்கியதைப் பற்றிச் சொல்வார். பிறகு வெகுநேரம் பலகைகள் பனியை வருடும் ஓசைதான். நான் தூக்கத்தில் நழுவிக்கொண்டே போவது போலிருக்கும். எனக்குக்கூட ஊர் வந்துவிடக் கூடாதே என்று தோன்றும்.

காட்டு நடுவில் ஆயிரம் மீட்டர் என்று எழுதிய பலகை ஒன்று உண்டு. அதற்குச் சற்று முன்னால் ஒத்மார் விழுவார். ஒவ்வொரு புதனும் விழுவார். உருண்டை வைத்தால்கூட உருளாத சமதரை அது! அவள் கை கொடுத்துத் தூக்குவாள். நிதானமாக அவர் முதுகுப் பனியைத் தட்டிவிடுவாள். பலகையைத் தாண்டியதும் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். 'நீ' என்று சொல்ல முடியாது, 'நீங்க' என்று சொல்ல மனம் வராது. ஊர் வந்ததும், "நல்லா இருங்க, கோஃப்ளர் அம்மா." "நீங்களும், மகிஸ்டர் ஐயா."

கீழேயும் ஒருவரையொருவர் 'நீ' என்று கூப்பிட வழி இல்லாமல் இல்லை. ஒருவர் கை நீட்டித் தன் பெயரைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைப் பற்றிக்கொண்டு தன் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதன்பின் சாகும் வரைக்கும் 'நீ'. ஆனால் யார் முதலில் நீட்டுவது என்பதற்கு முறை வைத்திருக்கிறோம். பெரியவர் சிறியவருக்கு, பெண் ஆணுக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை. பனி கஞ்சியாகிவிட்டிருந்தது. ஒத்மார் சூப்பைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஒத்மார், உருண்டை கல்லா இருக்கா?"

"கடையை வித்துட்டேன், ஆஃப்ரா. ஈஸ்டர் முடிஞ்சதும் வியன்னா. அக்கா வீட்ல ஒரு ரூம் இருக்கு."

"ஸென்ஸிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அப்படியா, நல்லது'ன்னா."

"நீ என்னதான் எதிர்பார்த்தே?"

"ரெண்டு குளிர்காலமா அவ கை நீட்டுவாளான்னு பாத்துட்டு இருக்கேன். பொம்பளைதானே முதல்ல நீட்டணும். அவ நீட்டல. வேண்டாம்னுதானே அர்த்தம்? அதுக்கு மேல நான் போய் நின்னா அசிங்கம்."

கரண்டியை வைத்துவிட்டு நேரே லிஃப்டுக்குப் போனேன்.

"ஏன்டி, அந்த மனுஷன் போறாராம், நீ 'நல்லது'ங்கறியா?"

"வேற என்ன சொல்ல?" கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "வயசுல பெரியவர். படிச்சவர். அவருக்கு வேணும்னா கீழ கை நீட்டியிருக்க மாட்டாரா? நான் போய் நீட்டினா, லிஃப்ட்காரிக்குத் திமிரைப் பாருன்னு ஊரே சிரிக்கும்."

"நீ பொம்பளைங்கறதால நீதான் நீட்டணும்னு அவர் காத்துட்டு இருக்கார்டி!"

கம்பி அவள் கையிலிருந்து நழுவிப் போய், அடுத்து நின்ற ஒரு டச்சுக்காரரின் முதுகில் இடித்தது. ஸென்ஸி கம்பியைத் தவறவிட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

"ரெண்டு குளிர்காலமாவா?"

"ஆமா."

"மடையன்" என்றாள். "அவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்?" அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இரண்டு பேரையும் சேர்த்து நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் பின்னால் இறங்கினேன். மூடுபனி இல்லை. பலகைக்கு முன்னால் அவர் விழவில்லை. ஊர் வந்தது. இப்போது நீட்டுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கையுறையைக் கழற்றினாள். அவரைப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். "நல்லா இருங்க, மகிஸ்டர் ஐயா" என்றாள். சரி, போயிற்று என்று வீட்டுக்கு நடந்தேன்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையில் கூட்டம். அது அவருடைய கடைசி நாள், இருமல் இல்லாதவர்களும் இருமிக்கொண்டு வந்திருந்தார்கள். நானும் இருமினேன். அலமாரிகள் பாதி காலி. கதவு திறந்து ஸென்ஸி உள்ளே வந்தாள். தலைக்குக் குளித்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தாள். வரிசையில் நிற்காமல் நேரே முன்னால் போனாள்.

"கோஃப்ளர் அம்மா, நாங்கல்லாம் நிக்கறது கண்ணுக்குத் தெரியலியா?" என்றாள் மேயரின் மனைவி.

"தெரியுது. கொஞ்சம் நில்லுங்க. நான் ரொம்ப நாளா நிக்கறேன்."

கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டினாள். மாட்டுக் கயிறும் லிஃப்ட் கம்பியும் தடிக்கவைத்த கை.

"நான் ஸென்ஸி" என்றாள்.

கடையில் ஒருவரும் இருமவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெள்ளை அங்கியில் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்மார்" என்றார். பிறகு, ஏதோ தப்புச் செய்தவர் போல, "பெட்டியெல்லாம் போயிடுச்சு, ஸென்ஸி. காலைலயே வியன்னாவுக்கு ஏத்தி விட்டுட்டேன்" என்றார்.

"பெட்டி போகட்டும்" என்றாள் அவள். "நீ இரு."