போலந்து ஜனாதிபதியும் எங்கள் அக்காவும்

கிராக்குஃப் நகரில் எங்கள் அலுவலக லிஃப்டில் யார் ஏறினாலும் ‘ஜென் தோப்ரே’ என்று வணக்கம் சொல்வார்கள். இறங்கும்போது ‘தோ விதெனியா’ என்று விடைபெறுவார்கள். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது, எல்லோருக்கும் தரையில்தான் பார்வை. நம்மூர் டவுன் பஸ்ஸில் அந்த நேரத்துக்குள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆயிற்றா என்று விசாரணையே முடிந்திருக்கும். இந்த நாட்டு ஜனாதிபதியும் பிரதமரும் டிவியில் கைகுலுக்கும்போது எனக்கு அந்த லிஃப்ட்தான் தோன்றும். இருவருக்கும் ஆகாது, ஆனால் ஒரே பெட்டிக்குள் நின்றாக வேண்டும்.

எதையும் தோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வந்த முதல் குளிர்காலத்திலேயே இவர்கள் அரசியல் சட்டத்தைப் படித்துவிட்டேன். ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஒருவரைப் பிரதமராக நியமிக்கிறார். அந்த ஒருவர் பதினான்கு நாளுக்குள் ‘செய்ம்’ என்கிற நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை காட்ட வேண்டும். முடியாவிட்டால் செய்ம் தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். பிடிக்காவிட்டாலும் ஜனாதிபதி அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் ஜனாதிபதிக்கு இன்னொரு வாய்ப்பு, அதற்கும் மேல் மறுதேர்தல். பிறகு ஜனாதிபதியின் பெரும்பாலான ஆணைகளில் பிரதமரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். படித்ததும் துள்ளிவிட்டேன். இது எங்கள் பஞ்சாயத்தல்லவா!

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். அந்த முறை தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால், காலனியில் இருக்கும் எங்கள் அக்கா நின்றாள். மக்கள் ஓட்டில் ஜெயித்தாள். துணைத்தலைவரை மட்டும் வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். உறுப்பினர்களில் ஒருவரான மல்லாட்டை மில் முதலாளி (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை), மற்றவர்களில் பாதிப் பேரை வேனில் ஏற்றி ஏற்காட்டுக்குக் குளிர் வாங்க அழைத்துப்போனார். திரும்பி வந்தபோது அவர்தான் துணைத்தலைவர். பஞ்சாயத்து செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதை அக்கா பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டாள்.

இந்தக் கோடையில் காலனி டேங்கின் மோட்டார் எரிந்துபோனது. திண்டிவனம் கடைக்காரர் செக் வந்தால் புது மோட்டார் தருவதாகச் சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள். துணைத்தலைவரோ, “செக்க எடுத்துக்கினு வீட்டாண்ட வரச் சொல்லு” என்று ஆளனுப்பினார். அந்த வீட்டில் காலனிக்காரர்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். பெண்களோ குடத்தோடு வயல்காட்டு பம்ப்செட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். போய் நிற்பதா, வேண்டாமா என்பதுதான் அக்காவின் பிரச்சினை.

நான் வீடியோ காலில் போலந்துச் சட்டத்தை அவிழ்த்துவிட்டேன். “அக்கா, நீ கூட்டம் போட்டு அவருக்கு மெஜாரிட்டி இருக்கான்னு கேளு. பதினாலு நாள் டைம் குடு.”

“பதினாலு நாளு எங்களுக்கு யார்டி தண்ணி ஊத்துவா, உன் ஜனாதிபதியா?” என்றவள், சற்று யோசித்துக் கேட்டாள்: “ஆமா, அங்க ரெண்டு பேருக்கும் ஆகலன்னா, ஜனாதிபதி போயி பிரதமர் வூட்டு வாசல்ல நிக்கிறாரா?”

“இல்லக்கா. பிரதமர்தான் அரண்மனைக்கு வந்து ஜனாதிபதி கையால நியமனத்த வாங்கிக்கணும்.”

“அதச் சொல்லு மொதல்ல! சட்டம் சட்டம்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்க.”

மறுநாள் அலுவலகச் சமையலறையில், பக்கத்து மேசைக்கார பியோத்ரிடம் ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். என் அக்கா பிரசிடெண்ட் என்றதும் அவன் காபியைக் கீழே வைத்துவிட்டான். “அப்புறம் நீ ஏன் மூன்று பேரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறாய்?” அரண்மனையில் எத்தனை அறை என்றும் கேட்டான். ஒரே அறை, பின்னால் எரிந்த மோட்டார் என்றேன். இரட்டைக் கையெழுத்துச் சங்கதியைச் சொன்னதும்தான் முகம் தெளிந்தது. “கோன்ட்ரசிக்னாத்தா! எங்களுக்கும் அதே வியாதி!” என்று என் தோளைத் தட்டினான். நாங்கள் இருவரும் முதன்முறையாக ஒரே நாட்டு மக்களாக உணர்ந்தோம், எந்த நாடு என்பது வேறு விஷயம்.

அக்கா போகவில்லை. செக் புத்தகத்தோடு தினமும் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்தாள். வாசலில் காலனிப் பெண்கள் காலிக் குடங்களை வரிசையாக வைத்தார்கள். முதலில் ஊர்த் தெருக்கள் வேடிக்கை பார்த்தன. ஆனால் எல்லா செக்குக்கும் அதே இரண்டு கையெழுத்துதானே! தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியாமல் ஊரும் இருட்டியது. ஏற்காடு போய்வந்த உறுப்பினர் அம்மாள் ஒருவரே மில்லுக்குப் போய், “வேன்ல கூட்டிக்கினு போனீங்க, சரி. எங்க தெருவுல வெளக்கு எங்க? போடுறீங்களா, இல்ல ஒங்கள எறக்குற பேப்பர்ல எங்க கையெழுத்த போடட்டுமா?” என்று கேட்டுவிட்டாராம்.

மறுநாள் துணைத்தலைவர் வந்தார், பைக்கை விட்டு இறங்காமல் செக்கை வெளியே கொண்டுவரச் சொன்னார். “உள்ள வாங்கண்ணே, சேர் கெடக்குது,” என்றாள் அக்கா. வந்தார். உட்காரவில்லை, நின்றபடியே போட்டார். அக்காவும் எழுந்திருக்கவில்லை.

மோட்டார் மாட்டிய அன்று அக்கா எனக்கு போன் செய்தாள். நான் இனி இந்த நாட்டு அரசியலைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதலாம் என்று பெருமையடித்தேன்.

“எழுது, எழுது. நீ எனக்கும் ஓட்டுப் போடல, அந்த ஊரு ஜனாதிபதிக்கும் போடல. பேச்சுக்கு மட்டும் கொறச்சல் இல்ல,” என்று சொல்லி, போனை டேங்க் குழாயோடு சேர்த்துப் பிடித்தாள். என் ஒரு காதில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மறு காதில், சமையலறை ரேடியோவில், பிரதமர் கையெழுத்துப் போட மறுத்த செய்தி போலிஷ் மொழியில் ஓடிக்கொண்டிருந்தது. எதன் சத்தத்தைக் குறைப்பதென்று தெரியாமல் நின்றேன்.