மல்வேர்னிலிருந்து ஒரு ஜப்பான் பாய்க்கு

நயாகரா போனவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆயிரம் தீவுகளுக்குப் போனவர்களும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது நாங்கள் குடியிருந்த மல்வேர்னிலிருந்து நகரத்துப் பாதர்ஸ்ட் வீதி வரை பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றி. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் அது. இத்தனை வருஷம் கழித்து இப்போது எழுதுவதற்குக் காரணம் ஆத்திரம்தான். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் ஒரு அன்ரி என்னிடம், "உந்த ஷியாட்சு எண்டு என்னவோ, பொம்பிளையள் ஆம்பிளையளைத் தொட்டு உருவுறதாமே, சீ!" என்றார். சாப்பாட்டு மேசையில் ஆட்கள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மூடத் தேவையில்லை.

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, முதுகில் யாரும் கை வைக்கக் கூடாது. ஊரில் இளந்தாரியாக இருந்த காலத்தில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்திருந்தார்கள். குப்புறப் போட்டுச் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கலியாணம் கட்டி ஆறு வருஷம், அந்த முதுகை நான் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. படுக்க மாட்டார். சோபாவின் ஓரத்தில் குந்தியிருந்து கண்ணயர்வார். விடியத் தொழிற்சாலைக்குப் போகும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்புவார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் எங்கள் மகள் ஆரணி, அப்போது நாலு வயது, பின்னால் ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்தாள். இவர் திரும்பிப் பார்க்காமலே தள்ளிவிட்டார். பிள்ளை போய்க் கதவு நிலையில் அடிபட்டு விழுந்தாள். நெற்றி வீங்கிவிட்டது. இவர் பிள்ளையைத் தூக்கவும் பயந்து, குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆரணி அப்பாவோடு கதைப்பதென்றால் முன்னால் வந்து, இரண்டு அடி தள்ளி நின்றுதான் கதைப்பாள். நாலு வயதுப் பிள்ளை! அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் டொக்டரிடம் போனோம். "ரென்சன்" என்று சொல்லி நோக்குளிசை எழுதித் தந்தார். இவருடைய முதுகுப் பக்கம் தலையைத் திருப்பியும் பார்க்கவில்லை. பேக்கரியில் என்னோடு வேலை செய்த ஒரு போர்த்துக்கீசப் பெண்தான் இந்த ஷியாட்சுவைப் பற்றிச் சொன்னாள். ஜப்பான் முறையாம், ஜென் தியானம் செய்கிறவர்களின் வழியாம், நிலத்தில் பாய் போட்டு உடம்பை அழுத்திவிடுவார்களாம். முக்கியமான விஷயம், உடுப்புக் கழற்றத் தேவையில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு போக அந்த ஒரு சொல் போதும்.

பயண விபரம் கேட்பவர்களுக்கு: காலை எட்டரைக்கு நீல்சன் வீதியில் பஸ் எடுத்தோம். பெரிய ஆளுக்கு அப்போது இரண்டு டாலர். ரயிலுக்கு மாறும் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்காபரோ சென்ரரில் இறங்கிச் சின்ன ரயில், கெனடியில் மாறிப் பெரிய ரயில், பிறகு பாதர்ஸ்ட். கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். வெளியே மைனஸ் பதினெட்டு. ஆரணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் இருக்கைகள் காலி. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதும் அப்படித்தான், சாய்மானம் முதுகில் படுமே. பனிச்சறுக்கலில் பஸ் ஆட, ட்ரைவர் கண்ணாடியில் பார்த்து, "சேர், தயவுசெய்து இருங்கோ, விழுந்தால் எனக்குத்தான் கரைச்சல்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இவர் சிரித்துவிட்டு நின்றார். ட்ரைவர் என்னைப் பார்த்தார். "அவர் இருக்கமாட்டார், நீங்கள் றோட்டைப் பாருங்கோ" என்றேன். இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.

இடம் ஒரு ஆணி, பூட்டு விற்கும் கடைக்கு மேல் மாடி. பக்கவாட்டில் ஒடுங்கிய படி. பெயர்ப்பலகை உள்ளங்கை அளவு, அதைத் தேடி இரண்டு முறை அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தோம். ஏறிப் போனால் வாசலில் குளிர்ச் சப்பாத்துகள் வரிசையாக. அவற்றுக்குப் பக்கத்தில், தரையில், கருங்கல் புத்தர்!

எனக்குக் கொதித்தது. எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியிலும் ஒரு புத்தர் இருந்தார். அவர் காலடியில்தான் இவரைப் போன்ற பொடியன்களை முழங்காலில் இருத்தினார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? அதற்காக இந்தப் புத்தரைச் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பதா? நான் குனிந்து தூக்கி, துவாய் அடுக்கியிருந்த தட்டின் மேல் வைத்தேன். நல்ல பாரம். அப்போது வெளியே வந்த பெண் அதைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். "கடவுள்" என்று மட்டும் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அவள் பெயர் லின். முப்பது வயது இருக்கும், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். இந்தத் தொழிலை இன்னும் மூன்றாம் வருஷம் படிக்கிறாளாம், அதனால்தான் ஒரு மணித்தியாலத்துக்கு இருபத்தைந்து டாலர். நான் பையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலையும் இவர் கட்டிக்கொள்ளப் பழைய சாரத்தையும் எடுத்தேன். எண்ணெய் வேண்டாம் என்றாள். எண்ணெய் இல்லாமல் என்ன உருவுதல்? கோவா இல்லாமல் கோவா வறை மாதிரி! சூடு காட்டிய எண்ணெயைத் துணியில் சுற்றி, ஆறாமல் மல்வேர்னிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான்.

அதற்குப் பிறகு கேள்விகள். நித்திரை எப்படி, சமிபாடு எப்படி, குளிர் பிடிக்குமா சூடு பிடிக்குமா, புளிப்பு விருப்பமா உவர்ப்பு விருப்பமா. நான் இடையில் இருந்து மொழிபெயர்த்தேன். உன்னை யாராவது அடித்தார்களா என்று மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் ஒரு மனுசனின் உடம்பில் கை வைக்கலாமா? இந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு. நானாகச் சொல்ல வாயெடுத்தேன். இவர், "உதெல்லாம் ஏன் சொல்லுறீர்?" என்றார். விட்டுவிட்டேன்.

ஆனால் வேலை தெரிந்தவள். அதையும் சொல்லத்தான் வேண்டும். இவரைச் சுவர்ப்பக்கப் பாயில் கால் நீட்டி இருக்கவிட்டு, பக்கத்தில் முழங்காலில் இருந்து, உள்ளங்கையைக் காலில் வைத்தாள். வைத்தபடி இருந்தாள். பிசையவில்லை, தேய்க்கவில்லை. ஒரு கை அசையாமல் ஒரே இடத்தில் கிடக்க, மற்றக் கை மெதுவாக இடம் மாறியது. கைப்பலத்தால் அழுத்தாமல் தன் உடம்பின் பாரத்தைச் சாய்த்துவிடுவாள். ஒரு கதை பேச்சு இல்லை. மூச்சு மட்டும். ஒரு மூலையில் ஸ்ரூலில் இருந்த எனக்கே கொட்டாவி வந்தது. அரைமணித்தியாலம் போயிருக்கும், இவர் தானாகவே திரும்பிக் குப்புறப் படுத்தார். என் கண்ணால் பார்த்தேன். எழும்பி ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டலாம் போல இருந்தது.

அப்போதுதான் லின் எழுந்து நின்றாள். சுவரை ஒரு கையால் பிடித்தாள். வலது காலைத் தூக்கி இவருடைய முதுகில் வைத்தாள்.

"காலை எடடி!"

தமிழில்தான் கத்தினேன், வேறு எந்தப் பாஷையில் வரும்? தெரியாமல் காலில் ஒரு புத்தகம் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள் நாங்கள். பஸ்ஸில் ஒருவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறோம், வெள்ளைக்காரர் பயந்து தள்ளி இருந்தாலும் கும்பிடுகிறோம். இவளோ, நான் கட்டின புருஷனை, நான் பார்த்துக்கொண்டிருக்க, அதுவும் அந்த முதுகில்! காசும் கொடுத்து மிதிவாங்குவதா? பாஷை விளங்காவிட்டாலும் லின் காலை எடுத்துவிட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் இவருடைய குளிர்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "எழும்புங்கோப்பா, போவம்" என்றேன்.

இவர் எழும்பவில்லை. பாயில் முகத்தை வைத்தபடி, "ஏன் காலை எடுத்தவ?" என்றார்.

"மிதிக்கிறாளப்பா!"

"தெரியும்."

பிறகு சொன்னார்: "சப்பாத்து இல்லை. வெறுங்கால். சூடாக் கிடந்தது. நீர் கொஞ்சம் பேசாமல் இரும். இன்னொருக்கா வைக்கச் சொல்லும்."

யோசித்துப் பாருங்கள். என் புருஷனின் முதுகில் காலை வை என்று, இன்னொருத்தியிடம், நான் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். ஆனால் சும்மா விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. முகாமில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன், இந்த முறை இவர் தடுக்கவில்லை. எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். கால் வைப்பதென்றால் முதலில் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றேன். லின் ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து இவருடைய முதுகை விரல்நுனியால் தொட்டு, நான் காட்டிக்கொடுத்தபடியே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு காலை வைத்தாள். குதிக்காலில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இவர் மூச்சு விடும்போது கூட்டி, இழுக்கும்போது குறைத்து. இவர் குறட்டை விடத் தொடங்கினார்.

எனக்குச் சந்தோஷம் வந்ததென்று எழுதினால் அது பொய். எரிச்சல்தான் வந்தது. ஆறு வருஷம் இந்த முதுகுக்காக நேர்த்தி வைத்தவள் நான். வெந்நீர் ஒத்தடத்துக்குத் துணி நனைத்துக்கொண்டு போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவள் நான். ஒரு மணித்தியாலத்தில் எவளோ ஒருத்தியின் கால் போய் அங்கே இருந்துவிட்டது. அழுதேன். லின் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மற்றக் கையால் டிஷ்யூப் பெட்டியைக் காலுக்குக் கீழே கிடந்தவருக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் இருக்கையில் இருந்தார். சாய்ந்தும் இருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சில்லறை விபரங்கள் இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். இறுக்கமில்லாத பருத்தி உடுப்புப் போடுங்கள். எண்ணெய்ப் போத்தலை வீட்டில் விட்டுவிடுங்கள். முழங்கை, முழங்கால், கால் எல்லாம் பாவிப்பார்கள், விருப்பமில்லாவிட்டால் முதலே வேண்டாமென்று சொல்லலாம். உடம்புக்கு நடந்ததை, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஒரு தரத்தில் எல்லாம் மாறிவிடாது. நாங்கள் அந்தப் பங்குனி முடியும்வரை சனிக்கிழமைகளில் போனோம், பிறகும் சில இரவுகளில் இவர் சோபாவில்தான் இருந்தார். புத்தர் மட்டும் நான் வைத்த தட்டிலேயே இருந்தார். "பொம்பிளை தொடுறதோ" என்று கேட்கிற அன்ரிமார் தயவுசெய்து பேசாமல் இருங்கள். தொடவே கூடாத முதுகோடு ஒரு ஆளை வைத்துப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள்.

அந்த முதல் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்த்தால் இவர் காப்பெற் மேல் குப்புறப் படுத்திருக்கிறார். ஆரணி வழக்கம்போல இரண்டு அடி தள்ளி நிற்கிறாள்.

"குஞ்சு, அப்பான்ரை முதுகிலை ஏறி நடக்கிறியோ?"

எங்கள் சனத்தில் எந்த வீட்டுத் தகப்பனும் ஞாயிற்றுக்கிழமை கேட்கிற விஷயம். பிள்ளையின் காலுக்குத் தொட்டுக் கும்பிடுதலும் இல்லை, குற்றமும் இல்லை. இந்தச் சாதாரண விஷயத்துக்காக நாங்கள் ஜப்பான் வரை போகவேண்டியிருந்தது என்பதை நினைக்க எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆரணி என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஆர் யூ ஷுவர்? தள்ள மாட்டீங்கள்தானே?"

"இல்லையம்மா. தள்ளமாட்டன்."

அவள் பக்கத்தில் வந்து ஒரு காலைத் தூக்கினாள். நான் ஓடிப்போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"பொறு குஞ்சு," என்றார் இவர் காப்பெற்றுக்குள் இருந்து. "சொக்ஸைக் கழட்டிப்போட்டு ஏறு."