முடிச்சு அவிழாத துணி

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை முதலிலேயே வைப்பதில்லை. மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் டிசம்பர் பாதியிலேயே வைக்கோலில் வந்து நின்றுவிடும். நடுவில் தொட்டில் காலியாகக் கிடக்கும். இருபத்துநாலாம் தேதி ராத்திரிப் பூசை முடிந்து வந்துதான் பாலனைக் கிடத்துவோம். அதுவரை வெள்ளைத் துணியில் முடிந்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பேன். கையளவு மண் பொம்மை, மாமியார் கொடுத்தது. விழுந்தால் போச்சு.

“எலி தூக்கிட்டுப் போயிடப் போவுது அத்தை, அப்புறம் நமக்குக் கிறிஸ்துமஸே கெடையாது” என்று மருமகள் கேலி செய்வாள்.

அந்த வருடம் அவளுக்கு நிறைமாதம். மகன் கல்ஃபில். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது புயல் வந்தது. பொழுது சாய்வதற்குள் கரண்ட் போயிற்று. தெருமுனை வேப்பமரம் விழுந்து வழியை அடைத்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை.

எட்டு மணி இருக்கும். மருமகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, மத்தியானத்துலேருந்து புள்ள அசையவே இல்ல.”

சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“ஏதாவது பேசுங்க அத்தை. பயமா இருக்கு.”

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பெற்ற பிள்ளையிடம்கூட வாய் திறந்து நாலு வார்த்தை பேசியதில்லை. “மெழுகுவர்த்தி ஏத்திட்டு வரேம்மா” என்று முன்னறைக்கு வந்துவிட்டேன்.

குடிலுக்கு முன்னால் திரியைப் பற்றவைத்தேன். தொட்டிலில் பாலன் கிடந்தது. கையை விரித்தபடி.

அடுப்படிக்குப் போனேன். அரிசி டின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திறந்து கைவிட்டுத் துழாவினேன். துணி வந்தது. நான் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

சுவரைப் பிடித்தபடி மருமகள் முன்னறைக்கு வந்துவிட்டாள்.

“ஏன் அத்தை இன்னைக்கே வச்சுட்டீங்க?”

அப்படியென்றால் அவளும் வைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அந்தப் பெண் அங்கேயே விழுந்துவிடுவாள்.

“தொட்டில் காலியா இருக்க வேணாம்னு தோணுச்சும்மா” என்றேன். துணியை மடியில் செருகிக்கொண்டேன்.

அவள் அழுதாள், சிரித்தாள். “பேச வராதுன்னு சொல்லிக்கிட்டு இதெல்லாம் செய்றீங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செபமாலை சொன்னோம். நாலாவது பத்து மணிகளை உருட்டி முடிக்கும்போது காற்று சட்டென்று நின்றது. ஓட்டுத் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கவில்லை. அவள் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் அழுத்தினாள். குதிகால் ஒன்று உள்ளிருந்து உந்தியது. உடனே மறுபடி காற்று.

விடிந்து மரத்தை வெட்டி வழிவிட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சுத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த வாரமே பேத்தி பிறந்தாள். இப்போது ஸ்கூல் போகிறாள்.

வயதாகிவிட்டது, நானே வைத்துவிட்டு மறந்திருப்பேன் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் வெறுந்துணியை எதற்கு இரட்டையாக முடிந்து மறுபடி அரிசிக்குள் புதைக்கப் போகிறேன்?

பண்டிகைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் இதைச் சொல்வாள். “எங்க அத்தை அன்னைக்குப் பாலனைக் கொண்டாந்து வைக்கலேன்னா நான் பயத்துலயே போயிருப்பேன்” என்பாள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். கூச்சத்தில் தலையைக் குனிகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். வைத்தது நான் இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிடலாம். அப்படியென்றால் யார் என்று பேத்தி கேட்பாள். டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன்.