கோட்டை காட்ட வந்தவரின் பசி

ஒரு மனுஷனைப் பட்டினியாகக் காட்டுக்குள் நடக்க வைத்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு வெகுகாலம் இருந்தது. என் வயதுப் பிள்ளைகள் பேய்க்கும் பாம்புக்கும் பயந்து அழுத காலத்தில், நான் அந்த மனுஷனின் வயிற்றை நினைத்து அழுதிருக்கிறேன். பெரியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர்தான், அப்பாவும் நானும்.

அப்போது நாங்கள் மலாயாவில், கோத்தா திங்கிக்குப் போகிற சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே கங்காணி. குரலும் பெரியது, கையும் பெரியது. வாசலை மிதித்தவர் யாரானாலும் சாப்பிடாமல் திரும்ப முடியாது. அம்மாவுக்கு இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று எப்போதும் பிள்ளைப்பாடு. அதனால் என்னை வளர்த்தது அத்தைதான். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. அதனாலேயே எனக்கு அவள் வயதானவளாகத் தெரிந்தாள். நினைத்துப் பார்த்தால் இருபத்தைந்துகூட ஆகியிருக்காது, பாவம். அவள் சீவிவிட்டால்தான் எனக்குப் பின்னல் நிற்கும். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும்.

அப்பாவுக்குத் தங்கைமேல் உயிர். பட்டணத்துக்குப் போனால் அவளுக்கென்று ஒரு பொட்டலம் இல்லாமல் வரமாட்டார். ஆனால் மறுகல்யாணம் என்ற பேச்சை மட்டும் அவர் காதில் போடக்கூடாது. மாமா ஒருமுறை போட்டுப் பார்த்தார். மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், பத்திரிகை படிக்கிறவர், ஊரைத் திருத்தாமல் தூக்கம் வராதவர். அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அத்தோடு மாமா அடங்கிவிட்டதாக அப்பா நினைத்தார். மாமாவை அவ்வளவுதான் அவர் தெரிந்துவைத்திருந்தார்.

கோத்தா திங்கியில் சர்வே ஆபீசில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிற ஒருவர் இருந்தார். மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அத்தையைப் பார்த்திருக்கிறார். மாமாவிடம் வந்து கேட்டிருக்கிறார். முறையாகப் பெண் பார்க்க வந்தால் அப்பா பாராங் கத்தியைத் தூக்குவார். ஆகவே மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வேக்காரருக்குக் காடெல்லாம் அத்துப்படி, ஆற்றோரத்தில் ஒரு பழைய ராஜாவின் கோட்டை இடிந்து கிடக்கிறது, அப்பால் அருவி விழுந்து தேங்குகிற குளம் இருக்கிறது. குடும்பத்தோடு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவரே வழிகாட்டுவார் என்று அப்பாவிடம் சொன்னார். நம் தமிழ் ராஜாவின் கப்பல்கள்கூட அந்த ஆற்றில் வந்ததாகச் சொல்கிறார்கள் மச்சான் என்று ஒரு பிடி உப்பையும் சேர்த்துப் போட்டார். அப்பாவின் மார்பு விரிந்தது. அன்றைக்கே சரி என்றுவிட்டார்.

அந்த மனுஷர் மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். நம் வழக்கத்தில் பெண் கேட்டுப் போகிற இடத்தில் பேச்சு முடிகிற வரைக்கும் யாரும் கை நனைப்பதில்லையே. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். "அவங்க அண்ணன் குடுக்கிற சோறும் வேணாம், நீங்க குடுக்கிறதும் வேணாம். அவங்களுக்கு இஷ்டம்னா அவங்களே ஒரு இலை குடுக்கட்டும். இல்லன்னா நான் பட்டினியாவே திரும்பிடுறேன், யாருக்கும் ஒரு பேச்சும் இல்ல."

அம்மா இதை அடுப்படியில் வைத்து அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாளாம். இவ்வளவையும் அம்மா என்னிடம் சொன்னது நான் பிள்ளை பெற்ற பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சுற்றப் போகிறோம், லாரியில் போகிறோம் என்பதுதான்.

லாரி ஒரு சீனத் தவுக்கேயுடையது, முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம். அன்னாசிப்பழம் ஏற்றுகிற லாரி. பலகையெல்லாம் பழச்சாறு காய்ந்து பிசுபிசுத்தது, தேனீக்கள் எங்களோடு பாதி தூரம் வந்தன. கோத்தா திங்கியில் அவர் ஏறிக்கொண்டார். காக்கிக் கால்சட்டை, ஒல்லியான உடம்பு, படிய வாரிய தலை. காட்டுக்கு வழிகாட்ட வந்தவர் கோயிலுக்கு வந்ததுபோலச் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஏறியதும் அப்பா இட்லிப் பாத்திரத்தைத் திறந்தார். வேண்டாம், வயிறு சரியில்லை என்றார் அவர். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அப்பா மறுபடியும் நீட்டினார். அவர் கும்பிட்டார். மாமா குறுக்கே விழுந்து, விரதமாக இருக்கும் என்றார்.

"வயிறு சரியில்லன்னு அவரு சொல்றாரு, விரதம்னு நீ சொல்ற," என்றார் அப்பா. மாமா மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை. செடி மூடிய நீளமான மண்மேடு, அதற்கு வெளியே தூர்ந்துபோன அகழி, ஆற்றுப் பக்கம் சில கருங்கற்கள். அப்பா இடுப்பில் கைவைத்து நின்று, ராஜா எங்கே என்று கேட்பவர்போலச் சுற்றிலும் பார்த்தார். ஆனால் வழிகாட்ட வந்தவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோட்டை எழும்பியது. இங்கே பீரங்கி இருந்தது, இங்கே யானை கட்டினார்கள், ராணி இந்த வழியாகத்தான் ஆற்றுக்குக் குளிக்கப் போனாள் என்று கழியால் காட்டினார். ராணி போய்க்கொண்டிருக்கும்போதே, தன் குவார்ட்டர்சுக்கு வாசலிலேயே தண்ணீர்க்குழாய் இருப்பதாகச் சொன்னார். பிறகு எதிரிகள் கப்பலில் வந்தார்கள். கோட்டை பற்றி எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே, தான் கள்ளைத் தொடுவதில்லை என்றும், பின்கட்டில் ஒரு முருங்கை நட்டிருப்பதாகவும், அது இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருப்பதாகவும் சொன்னார். இதையெல்லாம் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு முருங்கையில் அக்கறையில்லை, ராணி தப்பித்தாளா என்று தெரியவேண்டும். அத்தை எனக்குப் பின்னால் நின்று, என் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னிக்கொண்டிருந்தாள். அது காலையில்தான் பின்னியது.

"இந்தாளு கோட்டையக் காட்டுறாரா, அவரு வீட்டக் காட்டுறாரா?" என்று அப்பா மாமாவின் காதில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கேயே நான் ஒரு வாழைப்பழத்தை ஒளித்து எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நீ சாப்பிடு பாப்பா என்று என் கையையே மூடிவிட்டார். அதிலிருந்து எனக்கு ராஜாவும் வேண்டாம், ராணியும் வேண்டாம் என்று போய்விட்டது.

உச்சிப்பொழுதுக்குக் குளத்துக்குப் போனோம். மலையிலிருந்து அருவி விழுந்து, பாறைகளுக்கு நடுவே தேங்கி, அடி தெரிகிற பச்சையில் கிடந்தது. ஆண்கள் மேலே ஒரு பாறைக்கு அப்பால், பெண்கள் கீழே. அம்மா கரையோரம் உட்கார்ந்து பிள்ளைமேல் தண்ணீர் தெளித்தாள். அத்தை இடுப்பளவில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கொண்டையை அவிழ்த்தாள், அப்படியே சரிந்து நீந்தத் தொடங்கினாள். அவளுக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் குழாயடியும் வாளியும்தான், எங்கே நீந்துவது? குளத்தின் நடுவில் மல்லாந்து மிதந்தாள். வெள்ளைச் சேலை உப்பி நின்றது, முடி பரந்து கிடந்தது. முகத்தில் வெயில் விழுந்தபோது, எனக்கு முதல்முறையாக அவள் சின்னப்பெண்ணாகத் தெரிந்தாள். அடுத்த நிமிஷம் முங்கிவிட்டாள். மேலே வரவேயில்லை. நான் அலறிய அலறலில் பிள்ளையும் சேர்ந்து அழுதது.

என் காலடியிலேயே வந்து எழுந்தாள். மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு, ஈரக்கையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழுவுறியா, அசடு. உன்ன விட்டுட்டு நான் எங்கடி போவப்போறேன்?"

நான் அதை நம்பினேன். பாவிமகள், அவளும் அந்த நேரத்தில் நம்பித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மாற்றுச்சேலை கட்டி வந்து அத்தைதான் பரிமாறினாள். புளிச்சோறு, அவித்த முட்டை, தேங்காய்த் துவையல். வழிகாட்ட வந்தவர் தள்ளி ஒரு பாறையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்து அவரிடம் போனார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். எங்கள் கை பட்டதைச் சாப்பிடக் கூடாதா தம்பி என்று கடைசியில் கேட்டேவிட்டார். அவர் பதறி எழுந்து, ஐயோ அப்படியில்லை அண்ணே என்று கண் கலங்கினார். ஆனாலும் இலைக்கு வரவில்லை. அப்பா முகம் கறுத்துத் திரும்பி வந்தார். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அப்பாவுக்கு இரண்டாம் தடவை சோறு வைத்தாள், எனக்கு முட்டையை உரித்தாள், பாத்திரத்தை மூடினாள். மூடிமேல் கையை வைத்துக்கொண்டு அருவியைப் பார்த்தபடி இருந்தாள்.

பிறகு, "அண்ணி, இன்னொரு இலை இருக்கா?" என்றாள்.

அம்மா ஓர் இலையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அத்தை அடிச்சோற்றை வழித்து வைத்தாள். அம்மா தன் இலையிலிருந்து தொடாத முட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். அத்தை இலையை என்னிடம் நீட்டினாள்.

"கொண்டுபோய் அவங்ககிட்டக் குடு. அத்தை குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லு."

இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பாறைகளைத் தாண்டி ஓடினேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு குடுத்தா?"

"அத்தை."

அவர் திரும்பி, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கண்டு அப்பாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஆங், சாப்பிடுங்க தம்பி. இப்பத்தான் என் மனசு நெறஞ்சுது."

நான் ஓடிப்போய் அத்தையிடம் அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டார் என்று சொன்னேன். எல்லாத்தையுமா என்று கேட்டு, அவள் என்னை இழுத்து என் முகத்தை மடியில் அழுத்திக்கொண்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு அங்கிருந்து தெரியவில்லை. வயிறு மட்டும் குலுங்கியது.

அடுத்த மாதம் ஒரு காலையில் கண்விழித்தபோது பக்கத்துப் பாய் சுருட்டியிருந்தது. தகரப்பெட்டியைக் காணோம். மாமா கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணத்தை முடித்து வைத்திருந்தார். அப்பா வீடே அதிரக் கத்தினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டீர்களே என்றார். நீங்கள்தானே சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினீர்கள் என்று அம்மா சொன்னதும் அடங்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அத்தையின் பேர் பேசப்படவில்லை. மாமா வாசலோடு நின்றார். நான் ராத்திரியில் அம்மாவின் முந்தானையைச் சுற்றிப் பார்த்தேன். அது வேறு துணியாக இருந்தது.

ஒரே ஒருமுறை, கோத்தா திங்கி கடைத்தெருவில், பஸ் ஜன்னல் வழியாக அத்தையைப் பார்த்தோம். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சேலை, தலையில் பூ. அப்பா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் தன் முகத்தைத் திருப்பவில்லை. பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றலானது, பிறகு ஜப்பான்காரன் சண்டைக்காலம் வந்தது, அத்தை எந்த மண்ணில் இருக்கிறாள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாமல் போனது. இந்த வயதிலும் தலை சீவும்போது கை தானாக நின்றுவிடுகிறது. அவள் வேண்டும் எனக்கு, அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தக் குளத்தங்கரையில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பசித்தவர் சாப்பிடுகிறார் என்ற ஒன்றே போதுமாக இருந்தது. அவர் கடைசிப் பருக்கையை விரலால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விருந்தாளியைக் கேட்கவேண்டும் என்று அப்பா பழக்கிய மரியாதையோடு, மனசு நிறையக் கேட்டேன்:

"இன்னும் கொஞ்சம் வேணுமா?"