ஒரு மணிக்குச் சாத்தும் பீரோ

யுவன் எதிலும் ஐந்து சதவீதம் கூட்டிப் போடுகிறவன். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டரை வாங்கி முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசர். ஆயிரம் பீஸ் ஆர்டர் வந்தால் ஆயிரத்து ஐம்பதுக்குத் துணி எடுப்பான். துணி சுருங்கும் என்று அதன் மேல் ஓர் ஐந்து, தையலில் பழுதாகும் என்று இன்னோர் ஐந்து. சட்டைப் பையில் பேனா இரண்டு, போனில் அலாரம் இரண்டு. மொய் எழுதும்போது மட்டும் இந்தப் பழக்கம் அவனை விட்டு ஒதுங்கி நிற்கும். திருப்பூரில் இப்படிப்பட்டவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். ஐந்து சதவீதம் கூடவும் இருக்கலாம்.

இப்படிப்பட்டவன் வீட்டில் பீர் காய்ச்சக் கிளம்பியதுதான் வினை.

ஊரடங்கு நாளில் பிடித்த ஆசை அது. டீ-ஷர்ட்டின் கலரைப் பற்றிப் பேச வீடியோவில் வந்த, ஆர்டர் கொடுக்கும் பெல்ஜியத்து பையர், தன் சமையலறையில் தானே காய்ச்சிய பீரைத் தூக்கிக் காட்டினார். யுவனுக்குக் கலர் மறந்துபோனது, நுரை மறக்கவில்லை. அப்பா கந்தப்பன் இருந்தவரை அந்த ஆசை அடங்கிக் கிடந்தது. போன வருஷம் அவர் மாரடைப்பில் போனார். மாடி அறை காலியானது. ஆசை படியேறியது.

சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று யுவனுக்குத் தெரியும். அதனால் கூரியரில் வந்த மால்ட் என்னும் முளைகட்டிய பார்லிப் பொட்டலத்துக்குச் சத்து மாவு என்று பெயர் சூட்டினான். அம்மா பெரியாத்தாள் அதை நம்பினாள். மனைவி மோனிஷா நம்பவில்லை. ராயபுரத்து அந்த வீட்டில் மோனிஷாவுக்குத் தெரியாமல் ஒரு கரண்டிகூட நகராது.

கந்தப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நாலு தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்தவர். பேச்சுக் குறைவு. பகல் ஒரு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்குப் போவார். இரும்பு பீரோவில் ஒரு பீர் பாட்டில் இருக்கும். குடித்துவிட்டு பீரோவைச் சாத்துவார். அதன் கீல் இறங்கியிருந்தது. கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால் சத்தமே வராது. கந்தப்பன் ஒருநாளும் தூக்கியதில்லை. டமார் என்று வீடே அதிரும். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியாத்தாள் தட்டை வைக்க வேண்டும், அவர் இறங்கி வரும்போது சோறு ஆவி பறக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் இதுதான்.

காலி பாட்டில்களை அவர் ஒருநாளும் விற்றதில்லை. கட்டிலுக்கடியில் சாக்குச் சாக்காகக் கிடந்தன. யுவன் அவற்றைக் கழுவி, தன் பீரை ஊற்றி, மூடி அடித்து, அதே பீரோவில் அடுக்கினான். பீரோத் தட்டில் அப்பாவின் பாட்டில்கள் பதித்த துருப்பிடித்த வட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு பாட்டிலும் தன் வட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பீரோவைத் தூக்கிச் சாத்திவிட்டு இறங்கிவிட்டான்.

பாட்டிலில் நுரை கட்ட, மூடுவதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை போட வேண்டும். துணி எடை பார்க்கும் குட்டித் தராசில் யுவன் சர்க்கரையை நிறுத்தான். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து சதவீதம். வெயிலுக்கு ஓர் ஐந்து. பழைய பாட்டிலாயிற்றே என்று இன்னும் கொஞ்சம் தாராளமாக.

சித்திரை வெயில் மாடியறை ஓட்டின் மேல் ஏறி நின்ற ஒரு பகலில், சுமார் ஒரு மணிக்கு, சாத்திய பீரோவுக்குள் முதல் பாட்டில் வெடித்தது.

டமார்.

கீழே சாப்பிட உட்கார்ந்திருந்த யுவனுக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. பெரியாத்தாள் எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஒரு தட்டை எடுத்து வந்து, கந்தப்பன் உட்காரும் இடத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"யுவா," என்றாள். "உங்கப்பா வந்திருக்காரு."

"பூனையா இருக்குமுங்கம்மா."

"பூனைக்கு ஏது சாமி அந்த நாத்தம்?"

உண்மைதான். மாடிப்படி வழியாக பீர் வாடை இறங்கி வந்துகொண்டிருந்தது. உச்சிப் பொழுது, பீரோச் சத்தம், பீர் வாடை. இதற்கு மேல் ஒரு பேய் என்ன அத்தாட்சி காட்ட முடியும்? யுவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

அதன் பிறகு இரண்டு நாளைக்கொரு பாட்டில் வெடித்தது. சத்தம் வந்ததும் பெரியாத்தாள் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றி, மாடியறைக் கதவுக்கு வெளியே வைப்பாள். மொட்டைமாடிக் காக்கைகள் முடித்துவிடும். காலித் தட்டைப் பார்த்து அவள் தலையாட்டிக்கொள்வாள். பிறகு, மூடிய கதவைப் பார்த்துப் பேசவும் தொடங்கினாள். உயிரோடு இருந்தபோது சாத்திய வாயை இப்போது திறந்தாள்.

"காங்கயத்துக் காட்ட என்னயக் கேக்காம வித்தீங்களே, அப்ப நா வாயத் தொறந்தனா? இப்பக் கேக்கறேன். சொல்லுங்க."

மறுநாள் டமார் என்று பதில் வந்தது. "கோவம் மட்டும் கொறையலை," என்றாள் பெரியாத்தாள், வெகு திருப்தியாக.

அவள் முகம் தெளிந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். ரத்தத்தில் சர்க்கரை அளவுகூட இறங்கியது. மகன் பாட்டிலில் ஏற்றிய சர்க்கரை அம்மாவின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாடியில் துணி காயப்போடப் போன மோனிஷா, யுவன் ரகசியமாகப் பெருக்கிக் கொட்டியதில் தவறிய ஒரு கண்ணாடிச் சில்லு காலில் ஏறி நொண்டிக்கொண்டு வந்தாள்.

"உங்கப்பா பேயா வந்தாலும் பரவால்லீங்க," என்றாள் யுவனிடம், "கண்ணாடியா வரக் கூடாது. ஒண்ணு இத நிறுத்துங்க, இல்லீன்னா வேற வழி பாருங்க."

வேறு வழி கெக். பாட்டிலுக்குப் பதிலாக ஒரே ஸ்டீல் பீப்பாய். சர்க்கரை வேண்டாம், சிலிண்டரிலிருந்து வாயுவை ஏற்றினால் நுரை வரும். வெடிக்காது. பெங்களூரிலிருந்து பழைய கெக் ஒன்று, அதை வைக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ், ரெகுலேட்டர், குழாய் என்று யுவன் காஸ்டிங் போட்டான். ஒரு பழைய ஓவர்லாக் தையல் மெஷினே வாங்கிவிடலாம் போல வந்தது. சிலிண்டருக்கு, சோடாக் கடைகளுக்கு வாயு போடும் நல்லானிடம் போனான்.

"எந்தக் கடைக்குங்க?"

"கடைக்கில்லீங்க, ஊட்டுக்கு. சோடா போடலாம்னு."

நல்லான் சிலிண்டரைப் பார்த்தான், யுவனைப் பார்த்தான். "ஊட்ல அத்தன பேருக்குமாங்க அஜீரணம்?"

அந்தச் சனிக்கிழமை காலையில், மிச்ச பாட்டில்களை யுவன் காலி செய்து கட்டிக் கொடுக்க, பழைய பேப்பர்காரர் பாட்டில் சாக்குகளை அள்ளிக்கொண்டு போனார். அப்பாவின் பாட்டில்கள், வெங்காயத்தைவிட மலிவாக. அன்று பகலில் யுவன் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு கெக்கைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது. வழக்கமான சண்டைக் குரல் இல்லை.

"இன்னொண்ணு சொல்லோணுங்க. நீங்க போன அன்னிக்கு ஊரே அழுதுச்சு. எனக்கு அழுகை வல்லீங்க. இனி ஒரு மணிக்கு ஆரும் பீரோவச் சாத்த மாட்டாங்கன்னு நெனச்சேன். அத்தன சனம் வாசல்ல இருக்க, நா உள் ரூமுல படுத்துத் தூங்கிட்டேனுங்க."

யுவன் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். அவள் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு மாடியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

கெக் அற்புதமாக வேலை செய்தது. பீர் தெளிவாக வந்தது, அடியில் கசடு இல்லை, ஒரு சொட்டு வீணில்லை. கீழே பெரியாத்தாள் ஒரு மணிக்குத் தட்டை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணியானாலும் எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிடாமல் தான் சாப்பிட மாட்டேன் என்றாள். ஒருநாள் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். குளுக்கோஸ் ஏற்றி அழைத்து வந்தார்கள்.

"நாந்தான் கண்ணு ஓட்டி உட்டுட்டேன்," என்றாள் ஆட்டோவில். "சொல்லக் கூடாதத சொல்லிப்போட்டேன்."

என்ன சொன்னாய் என்று யுவன் கேட்கவில்லை. வெடித்தது பாட்டில் என்று சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால், அவள் ஆயுசில் முதன்முறையாக மனம்விட்டுப் பேசியதெல்லாம் சத்து மாவோடு பேசியதாகிவிடும்.

மறுநாள் சரியாக ஒரு மணிக்கு மாடிக்குப் போய், பீரோவைத் தூக்காமல் தன் பலமெல்லாம் கூட்டிச் சாத்தினான்.

"யுவா!" என்று கீழிருந்து குரல். "அந்த பீரோவ ஏஞ்சாமி ஒடைக்கறே?"

அவன் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டான். பீரோ லாக்கரைத் திறந்து பார்த்தான். மறந்துபோன ஒரு பாட்டில் அங்கே படுத்திருந்தது, பீர் நிரம்பி, மூடி போட்டபடி. அதை எடுத்துக் கையில் வைத்திருந்தபோது படியில் காலடி. கதவுக்கு வெளியே தட்டு வைக்கும் ஓசை.

"யுவன் அப்பவே எறங்கி எங்கயோ போயிட்டானாட்ட இருக்குது," என்றாள் பெரியாத்தாள், கதவிடம். "நாம ரெண்டு பேருந்தான். தூங்குனது தப்புத்தானுங்க. உடம்பு அசந்துபோச்சு, மனசில்ல. கோவமில்லீன்னா ஒரு சத்தம் குடுங்க. கோவம்னா சும்மாவே இருங்க. உங்களுக்குத்தான் சும்மா இருக்க வராதே."

பையருக்குப் பதிலாகத் தான் அப்ரூவல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது மெர்ச்சண்டைசருக்கு முதல் பாடம். யுவனுக்குத் தன் அப்பாவைத் தெரியும். பந்தியில் இடம் மாற்றி உட்கார வைத்ததற்காகச் சொந்தத் தம்பியிடம் சாகும்வரை பேசாத மனிதர். அவர் மன்னிப்பாரா? சும்மாதான் இருப்பார்.

யுவன் பாட்டிலை பீரோவுக்குள் ஓங்கிப் போட்டான்.

டமார். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை வந்தது. ஒரு வருஷம் பிந்தி வந்த அழுகை. அது ஓய்ந்ததும் அவள் மூக்கைச் சிந்தினாள். "சாப்புடுங்க. ஆறிப்போயிரும்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

காக்கைகள் வருவதற்குள் யுவன் தட்டை உள்ளே எடுத்தான். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து ரசம் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றான். காலில் பீர் ஈரம் பட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளிலிருந்து பெரியாத்தாள் தன் நேரத்துக்குத் தானே சாப்பிட்டாள். மாடிக்குப் போகவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றாள் மோனிஷா.

ஆடிக் காற்று அடிக்கும் ஒரு பகலில் யுவன் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்தான். ஷிப்மென்ட் தலைவலி. நேராக மாடிக்குப் போய், பீரோவிலிருந்து கிளாஸை எடுத்து, கெக் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தான். கிளாஸை உள்ளே வைத்து பீரோவைச் சாத்தினான். தூக்கிச் சாத்த வேண்டும் என்பது ஞாபகத்திலேயே இல்லை.

டமார்.

கை கதவிலேயே நின்றது. கீழிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. தட்டு வைக்கும் ஓசை கேட்டது. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. பிறகு அம்மாவின் குரல், பதற்றமில்லாமல், பழகிய குரல்:

"மோனிஷா, ரசத்த எறக்கு கண்ணு. வந்துட்டாரு."

ரசம் ஆறுவதற்குள், அப்பாவோ மகனோ, யாராவது ஒருவர் இறங்கிப் போக வேண்டியிருந்தது.