மாப்பிள்ளை வீட்டார் படியேறிய கதை

நான் பஸ் ஓட்டுகிறவள். நாள் முழுக்க பிரேக் மிதித்து வலது முழங்கால் ஏற்கெனவே தகராறு. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் ஒன்பது மாடி, காலையும் மாலையும், ஆறு கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறேன். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் பூடில் நாய்க்கு மூச்சுக்குழாய் பலவீனம். மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை அறுவை செய்ய மருத்துவர் தயங்கினார். அதற்குப் பதிலாகத் தோள்களுக்கு நடுவே, தோலுக்கடியில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய மருந்துக் குச்சி ஒன்றை ஊசியால் செலுத்தினார். ஒரு வருடம் போல ஹார்மோனை அடக்கி வைக்கும், மருந்து தீர்ந்ததும் பழையபடி ஆகிவிடுவான் என்றார். ‘பழையபடி’ என்று கேட்ட பிறகுதான் வெளிறிப்போயிருந்த என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. நாய்க்குப் போட்ட ஊசிக்கு இந்த மனுஷன் ஏன் வெளிறினார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் சில வாரம் ஹார்மோன் கூடும், சேட்டை அதிகமாகும், ஆறு வாரம் முடியும்வரை இவனை நம்பாதீர்கள் என்றும் மருத்துவர் சொன்னார். நன்றாகத் தலையாட்டினேன். ஊசிதான் போட்டாச்சே என்று, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

மூன்றாவது வாரம் வசமாக மாட்டினேன். எதிர்வீட்டு அம்மா தனியாக இருப்பவர், தடி ஊன்றி நடப்பவர். அவருடைய பெண் நாய்க்கு இதயக் கோளாறு. அறுவை சிகிச்சையைத் தாங்காது, குட்டி உண்டானாலும் பிழைக்காது என்று முன்பே சொல்லியிருந்தார். அது பருவத்துக்கு வந்திருந்தது எனக்குத் தெரியாது. லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அந்த அம்மாவும் அவர் நாயும். என் பையன் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு பாய்ந்து அதன் முதுகில் ஏறிவிட்டான். இடுப்பைப் பிடித்து இழுத்தேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மா தடியைப் போட்டுவிட்டுத் தன் நாயை வாரி அணைத்துக்கொண்டார்.

அன்று மாலையே வந்து கதவைத் தட்டினார். பருவம் முடியும்வரை மூன்று வாரம் தன் நாயை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார், ஏதோ அவர்தான் குற்றம் செய்தவர் மாதிரி. வெளியே போனால்தான் ஒன்றுக்குப் போகும் நாய் அது. எனக்குச் சுருக்கென்றது. நான் வயசுக்கு வந்தபோது என்னைத்தான் வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன்கள் அவர்கள் பாட்டுக்குக் கீழே பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க பொண்ணு ஏன்மா உள்ள இருக்கணும்? லிஃப்ட் உங்களுக்கு. என் பையன் படியில போகட்டும்,” என்றேன்.

சொல்வது சுலபம். பையனுக்கு மூச்சு வாங்கக் கூடாதென்பதால் நடந்தது நான்தான். ஐந்தாவது மாடியிலேயே நாக்குத் தள்ளும். அவனோ என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் நாய் கீழே விட்டுப்போன வாசனைக்கு ஊளையிடுவான். மாப்பிள்ளை வீட்டாருக்கு இவ்வளவு பணிவு ஆகாதுலா என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். தேக்கா சந்தையில் தைலம் வாங்கிவந்து, அதை அவர் கையாலேயே என் முழங்காலில் தேய்க்கவைத்தேன். ஒரு நாள்கூட நான் லிஃப்டில் ஏறவில்லை. டபுள் ஷிஃப்ட் பார்த்த நாளிலும் ஏறவில்லை.

ஊசி போட்டு ஆறு வாரம் முடிந்ததும் மருத்துவர் பையனைத் தொட்டுப் பார்த்தார். விதைகள் சுருங்கியிருந்தன, இனிக் கவலையில்லை என்றார். பெண் நாய்க்கும் பருவம் முடிந்திருந்தது.

அடுத்த வாரம் கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்தபோது உள்ளே அவர்கள். பழக்கத்தில் படிப்பக்கம் திரும்பினேன். அந்த அம்மா தடியால் கதவைத் தடுத்து, ஸ்கேன் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை, வாங்க என்றார். ஏறினேன். பையன் அதன் காதை ஒருமுறை முகர்ந்தான், தும்மினான், என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

ஆறாவது மாடி தாண்டும்போது அவர் பொத்தான்களைப் பார்த்தபடியே சொன்னார்: “எங்க வீட்ல நாங்க நாலு பொண்ணுங்க. எங்களுக்காக ஒருத்தரும் படியேறினதில்ல.”

ஒன்பதாவது மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்களை முதலில் இறங்கவிட்டேன். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியை நினைத்தால் எனக்கு இன்னமும் பெருமையாக இருக்கிறது.